நிறம் பூசிய வரைபடத்தை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்: செயற்கைக்கோள் இணையத்துக்கு உரிமம் தருவோருக்கும் டெண்டர் எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையர்களுக்கும், பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணைய ஒப்பந்தம் எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

செயற்கைக்கோள் இணைய நிறுவனம் ஒன்று உங்களிடம் விண்ணப்பத்தோடு வரும்போது கையில் ஒரு வரைபடம் இருக்கும். நாடு முழுவதும் ஒரே நிறம். மலை, தீவு, காடு என்ற பேதமில்லாமல் எல்லா இடத்திலும் சேவை. அந்த வரைபடம் பொய் சொல்வதில்லை. அந்த இடங்களுக்கு மேலே செயற்கைக்கோள் உண்மையிலேயே வந்து போகிறது. ஆனால் அந்த நிறத்துக்குக் கீழே ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும், நிறுவனம் நாளைக்கே சேவையை நிறுத்தினால் யாரைப் போய்க் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்காது. உரிமத்திலும் ஒப்பந்தத்திலும் நீங்கள் எழுதி வைத்தால்தான் அவற்றுக்குப் பதில் கிடைக்கும். என்ன எழுத வேண்டும், ஏன் எழுத வேண்டும் என்று சொல்லவே இந்த மடல்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். பழைய செயற்கைக்கோள் இணையத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் புதியதன் அருமை நன்றாகவே தெரியும். பழைய வகைச் செயற்கைக்கோள்கள் நிற்கும் புவிநிலைச் சுற்றுப்பாதை தரையிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே ஏறி, இணையத்தோடு இணைந்த தரை நிலையத்துக்கு இறங்கி, பதில் மறுபடி ஏறி இறங்க ஒளி வேகத்திலேயே 480 மில்லி விநாடி ஆகிவிடும். நடைமுறையில் 600 மில்லி விநாடியைத் தொடும். வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். 550 கிலோமீட்டரில் சுற்றும் தாழ்சுற்றுச் செயற்கைக்கோளுக்கு அதே நான்கு தாண்டலுக்கு 8 மில்லி விநாடிகூட ஆகாது. சாய்வான பாதை, தரை நிலையம், அதற்குப் பிறகான ஃபைபர் எல்லாம் சேர்ந்தும் 25 முதல் 60 மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. மருத்துவர் ஒருவர் தொலைவிலிருந்தே ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டு பேச இது போதும். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா நாட்டின் கடலடிக் கேபிள் அறுந்தபோது, அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் பிடித்தன. அதுவரை அந்த நாட்டை வெளியுலகோடு இணைத்தது செயற்கைக்கோள்தான். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இதைவிட விரைவான வழி கிடையாது.

ஒரு பகுதியினருக்கு மட்டும்தான். அது எந்தப் பகுதி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் செயற்கைக்கோள் தன் ரேடியோக் கற்றையைத் திருப்புகிறது. ஒரு கட்டத்தின் பரப்பு 250 சதுர கிலோமீட்டர் என்றும், மாலை நேரத்தில் அதற்கு மொத்தமாக விநாடிக்கு 4 கிகாபிட் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் 2,000 இணைப்புகள். இரவு எட்டு மணிக்கு அவற்றில் நாற்பது சதவீதம், அதாவது 800 வீடுகள், 5 மெகாபிட்டில் வீடியோ பார்க்கின்றன. 800 பெருக்கல் 5 என்றால் 4,000 மெகாபிட். குழாய் நிறைந்துவிட்டது. மீதி 1,200 வீடுகளில் யார் எதைத் திறந்தாலும் எல்லோருக்கும் வேகம் குறையும். இப்போது 2,000 இணைப்பை 250 சதுர கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு எட்டு இணைப்பு. வீடுகள் சிதறிக் கிடக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் மலைச்சரிவுக்கும் இது தாராளம். நெருக்கமான ஊருக்கு இது சோளப்பொரி. எங்கள் எண்களுக்குப் பதில் நிறுவனத்தின் எண்களைப் போட்டாலும் கணக்கின் வடிவம் மாறாது. ஆகவே அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

“செயற்கைக்கோள்களை இரட்டிப்பாக்கினால் திறனும் இரட்டிப்பாகும்” என்று விளக்கக் கூட்டத்தில் யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். உலகம் முழுவதற்குமான கூட்டுத்தொகைக்கு அது பொருந்தும். உங்கள் ஒரு கட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒரே இடத்தின் மீது ஒரே அலைவரிசையில் பல கற்றைகளைப் பாய்ச்சினால் ஒன்றை ஒன்று கெடுக்கும். ஓர் இடத்துக்குக் கிடைக்கும் திறனுக்கு உச்சவரம்பு வைப்பது கையிலிருக்கும் அலைக்கற்றையின் அகலமும், கற்றைகளுக்கு இடையே விட வேண்டிய கோண இடைவெளியும்தான். போதாததற்கு, பூமியின் பரப்பில் எழுபது சதவீதம் கடல். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கப்பல்களுக்கு மேலே கழிக்கிறது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நாடுகள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு 53 பாகை சாய்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 53 பாகை அட்சரேகையை ஒட்டித்தான் அதிகம் கூடுகின்றன. வடிவியல்படி, 50 பாகை அட்சரேகையில் இருக்கும் அடர்த்தி நிலநடுக்கோட்டில் இருப்பதைப்போல மூன்றரை மடங்கு. இரண்டாவது, புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு இடையூறு செய்யக் கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் நிலநடுக்கோட்டுக்கு மேலே அவை நிற்கும் வளையம் தெரியும் வானப் பட்டைக்குள் வரும் தாழ்சுற்றுச் செயற்கைக்கோளோடு உங்கள் டிஷ் பேசாது. நிலநடுக்கோட்டில் அந்தப் பட்டை உச்சந்தலைக்கு மேலேயே போகிறது. வானத்தின் நல்ல நடுப்பகுதி கழிந்துவிடும் என்று அர்த்தம். ஆகவே வேறோர் அட்சரேகையில் எடுத்த வேகச் சோதனையை உங்கள் நாட்டுக்குச் சான்றாக ஏற்க வேண்டாம். சோதனை உங்கள் மண்ணில், மாலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள், உங்கள் கருவியில் நடக்கட்டும்.

அந்தச் சோதனையை எப்படி நடத்துவது? வேகச் சோதனைச் செயலியை ஒருமுறை அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பது சோதனையே இல்லை. குறைந்தது ஏழு நாள் வேண்டும். உங்கள் சொந்தத் தரவு மையத்தில் ஒரு சர்வரை வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரு திசையிலும் வேகத்தை அளக்க வேண்டும். கூடவே விநாடிக்கு ஒரு பிங் (சிறு பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை), நாள் முழுக்க. சராசரியைப் பார்த்தால் ஏமாறுவீர்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பிங்குகள் எத்தனை மில்லி விநாடிக்குள் முடிகின்றன, இரண்டு விநாடிக்கு மேல் நீடித்த அறுதல்கள் ஒரு நாளில் எத்தனை என்று பாருங்கள். ஸ்டார்லிங்க் வலையமைப்பு பதினைந்து விநாடிக்கு ஒருமுறை எந்த டிஷ் எந்தச் செயற்கைக்கோளோடு பேச வேண்டும் என்று மறுபங்கீடு செய்கிறது. அந்த நொடிகளில் தாமதம் துள்ளும், சில பாக்கெட்டுகள் தொலையும். அது இயல்பு. இழப்பைக் கண்டதும் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும் பழைய டிசிபி (தரவு அனுப்பும் நெறிமுறை) அமைப்புகள் இங்கே தேவையில்லாமல் தடுமாறும். சர்வர் பக்கம், இழப்பை மட்டும் நம்பாமல் பாதையின் வேகத்தையே அளந்து அனுப்பும் பிபிஆர் போன்ற முறையை இயக்கினால் அதே இணைப்பில் கூடுதல் வேகம் கிடைக்க வாய்ப்புண்டு.

பதிவைக் கையில் வைத்துக்கொண்டால் கோளாறின் வேரும் தெரிந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, பகலும் இரவும் ஒரே மாதிரி, ஓரிரு விநாடி அறுந்து அறுந்து வந்தால் அது மரக்கிளை அல்லது கட்டட விளிம்பு. செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, கிளைக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் இணைப்பு போகும். இணைப்பு அறாமல் மாலையில் மட்டும் தாமதம் கூடி வேகம் சரிந்தால் அது நெரிசல், டிஷ்ஷை எங்கே நகர்த்தினாலும் தீராது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் முழுசாகப் போய்த் திரும்பி வந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். டிஷ் அணைந்து மறுபடி எழுந்து வானத்தைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். வானம் தெளிந்திருந்தும் இணைப்பு மோசமாக இருந்தால், மழை வேறெங்கோ தரை நிலையத்தின் மீது பெய்துகொண்டிருக்கலாம்.

மழையைப் பற்றி இன்னும் கொஞ்சம். டிஷ்ஷுக்கு இறங்கி வரும் அலை பெரும்பாலும் 10.7 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ், ஏறிப் போகும் அலை 14 கிகாஹெர்ட்ஸை ஒட்டி. தரை நிலையங்கள் 18 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் பேசுகின்றன. 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர், 30 கிகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர். கனமழைத் துளியின் அளவை நெருங்க நெருங்க அலை அதிகம் தேயும். அதனால் ஒரே புயலில் வீட்டு டிஷ்ஷைவிடத் தரை நிலையம் கூடுதலாக அடி வாங்கும். தரை நிலையம் விழுந்தால் அதை நம்பியிருக்கும் எல்லோரும் விழுவார்கள். ஒரே இடிமழைத் திரள் இரண்டையும் மூடாத அளவுக்கு, குறைந்தது 30, 40 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு தரை நிலையங்கள் என்று உரிமத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் ஃபைபர் வேறு வேறு பாதையில் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலர் விடும் ஓட்டை இது. கடலடிக் கேபிள் அறுந்தால் உதவும் என்று செயற்கைக்கோள் இணைப்பை வாங்குகிறார்கள், அதன் தரை நிலையமோ அதே கேபிளின் கரையேறு நிலையத்தில்தான் வெளியுலகைத் தொடுகிறது. கேபிளோடு காப்பும் போய்விடும். செயற்கைக்கோள்களுக்கு இடையிலான லேசர் இணைப்பு இருந்தால் தரவு வேறு நாட்டில் போய் இறங்க முடியும். அதற்கு அனுமதி உண்டா, எந்த நாட்டில் இறங்கும், அந்த நாட்டுச் சட்டம் உங்கள் மருத்துவப் பதிவுகளைத் தொடுமா என்பதை அறுந்த அன்றைக்கு உட்கார்ந்து பேச முடியாது.

இனி தரைக்கு வருவோம். பள்ளிக்கூடத்துக்கு டிஷ் வாங்கிக் கொடுத்த திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் மின்சாரத்தால், வானத்தால் அல்ல. வழக்கமான தட்டை டிஷ் ரவுட்டரோடு சேர்ந்து 75 முதல் 100 வாட் எடுக்கும். நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 2 யூனிட். சூரிய மின்சாரம் என்றால், பயனுள்ள வெயில் ஐந்து மணி நேரம், தூசி வெப்பம் கம்பி எல்லாவற்றிலும் முப்பது சதவீதம் இழப்பு என்று கொண்டால், 2,000 வாட்-மணியை 3.5 மணி நேரத்தால் வகுக்க 571 வருகிறது. 600 வாட் பேனல் வேண்டும். பேட்டரியை எண்பது சதவீதம்வரை இறக்கலாம், இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் போகும் என்றால் ஒரு நாள் மேகமூட்டத்தைத் தாண்ட 2.8 கிலோவாட்-மணி தேவை, அதாவது 25.6 வோல்ட் லித்தியம் பேட்டரியில் 110 ஆம்பியர்-மணி. மூன்று நாள் மழை பெய்யும் இடமென்றால் மூன்றால் பெருக்குங்கள். 300 வாட் பேனலும் கார் பேட்டரியும் கொடுத்து அனுப்பும் டெண்டர் முதல் மழைக்காலத்திலேயே மூட்டை கட்டிவிடும். பள்ளிக்கு இரவில் இணையம் வேண்டாம் என்றால் ஒரு டைமர் போட்டு மாலை ஆறு மணிக்கு அணையுங்கள். செலவு பாதியாகும். இதைவிட மலிவான பொறியியல் கிடையாது.

12 முதல் 48 வோல்ட் டிசியில் ஓடும் சிறிய டிஷ்கள் 25 முதல் 40 வாட்டில் அடங்கும். இன்வெர்ட்டரே வேண்டாம். ஆனால் கம்பியைக் கவனியுங்கள். துவங்கும்போது அது 60 வாட்வரை இழுக்கலாம். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 15 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் போய்வர 30 மீட்டர், தடை 0.35 ஓம், இழப்பு 1.75 வோல்ட். டிஷ்ஷுக்கு 10.25 வோல்ட்தான் போகும். அது அணையும், இழப்பு நீங்கி வோல்ட் ஏறும், மறுபடி எழும், மறுபடி அணையும். பார்ப்பவர் டிஷ் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதே கம்பியில் 24 வோல்ட் கொடுத்தால் இழப்பு 0.9 வோல்ட்டுக்குள். பிரச்சினையே இல்லை.

டிஷ்ஷுக்கு நூறு பாகைக்கு மேல் திறந்த வானம் வேண்டும். நிறுவும் நாளில் தடையில்லாத இடம் இரண்டு வருடத்தில் மரம் வளர்ந்து தடைப்படும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒருமுறை தடைச் சோதனை இருக்கட்டும். கம்பம் தனியாக நின்றால் அதன் அடியில் தரையிணைப்பு, கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னல் காப்பான், இரண்டும் ஒரே தரையிணைப்பில். கம்பிக்கு நுழைவுக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு, தண்ணீர் சொட்டிப் போக. இணைப்பு முனையில் ஈரம் ஏறிப் பச்சை பிடித்த டிஷ்கள்தான் பழுது மேசைக்கு அடிக்கடி வருபவை. சில நிறுவனங்கள் தங்களுக்கே உரிய முனை வைத்திருக்கின்றன, கடையில் கிடைக்காது. மாற்றுக் கம்பி ஒன்றையும் மாற்று மின்கருவி ஒன்றையும் ஒவ்வொரு பத்து இடத்துக்கும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

இன்னொரு சிறு விஷயம், பெரிய தலைவலி. சாதாரணத் திட்டங்களில் உங்களுக்குத் தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது. 100.64 என்று தொடங்கும் பகிர்வு முகவரிதான் வரும். வெளியிலிருந்து உள்ளே இருக்கும் கேமராவையோ குளிர்பதன அலாரத்தையோ தொட முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி தரக்கூடிய புதிய முறையான ஐபிவி6 கேளுங்கள், அல்லது உள்ளிருந்து வெளியே தொடங்கும் வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கிய சுரங்கம் அமையுங்கள். டெண்டர் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது, எங்களை அதிகம் உறுத்துவது. வானத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஒன்று போனாலும் சேவை போகாது என்பார்கள். செயற்கைக்கோள்களைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அவை அனைத்தையும் இயக்கும் மென்பொருள் ஒன்றே. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நின்றது. வானத்தில் எதுவும் உடையவில்லை, மைய வலையமைப்பை இயக்கும் உள் மென்பொருள் சேவைகள் விழுந்தன. 2022 பிப்ரவரி 24 அன்று வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் வலையமைப்பில் தாக்குதல்காரர்கள் தவறாக அமைக்கப்பட்டிருந்த விபிஎன் கருவி வழியாக மேலாண்மைப் பகுதிக்குள் நுழைந்தார்கள். முறையான நிர்வாகக் கட்டளைகளையே பயன்படுத்தி ஆயிரக்கணக்கான மோடம்களின் நினைவகத்தை அழித்தார்கள். செயற்கைக்கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு போனது. ஆலைகள் தானாகச் சுழன்றன, யாராலும் தூரத்திலிருந்து பார்க்க முடியவில்லை. இறுதியில் ஏறத்தாழ 30,000 மோடம்களை அனுப்பி மாற்ற வேண்டியிருந்தது. தொலைவிடங்களுக்குத்தான் இந்த இணைப்பு போகிறது, தொலைவிடங்களில்தான் ஆள் போய் மோடம் மாற்றுவது கடினம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சம்பவத்தின் கனம் புரியும்.

ஆகவே மின்கட்டமைப்பு, நீர் வழங்கல், அவசர அழைப்பு போன்றவற்றுக்குச் செயற்கைக்கோளை ஒரே பாதையாக வைக்கக் கூடாது. மென்பொருள் புதுப்பிப்பு எல்லாக் கருவிக்கும் ஒரே இரவில் போகாமல் அலை அலையாகப் போக வேண்டும், முக்கிய இடங்கள் கடைசி அலையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேட்கலாம். டிஷ்கள் தங்கள் இடத்தை அறிய ஜிபிஎஸ்ஸை நம்புகின்றன. ஜிபிஎஸ் குழப்பப்படும் பகுதிகளில் டிஷ் வேலை செய்யுமா, நிலையான இடத்தைக் கையால் பதிவு செய்ய வழி உண்டா என்றும் கேளுங்கள்.

யார் கையில் ஸ்விட்ச் இருக்கிறது என்பது அரசுகளுக்கு இயல்பாகவே தோன்றும் கேள்வி. நிறுவனம் தரையின் எந்தக் கட்டத்துக்கும் சேவையை அணைக்க முடியும், அது தொழில்நுட்பத்தின் இயல்பு. எந்த நிலையில், எத்தனை நாள் முன்னறிவிப்போடு, யாருக்கு எழுத்தில் காரணம் சொல்லி அணைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அந்த முடிவு இன்னொரு நாட்டில் இருக்கும் ஒரு நிர்வாகியின் மனநிலையைப் பொறுத்தது. ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்கென்று ஓர் அணைப்புக் கதவு கேட்கும்போது, அதே கதவு தாக்குதல்காரருக்கும் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம். அந்த அதிகாரத்துக்கு நீதிமன்ற ஆணையும் பதிவேடும் தேவை.

நிறுவனமே இல்லாமல் போகும் அபாயமும் உண்டு. 1998-இல் சேவை தொடங்கிய இரிடியம் 1999 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தது. நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்களைத் திட்டமிட்ட டெலிடெசிக் 2002-இல் வேலையை நிறுத்தியது. ஒன்வெப் 2020 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டு, பிரிட்டன் அரசும் பாரதி குழுமமும் வாங்கிய பிறகே மீண்டது. ஒரு நிறுவனத்தின் டிஷ் இன்னொன்றின் செயற்கைக்கோளோடு பேசாது. எனவே பத்தாயிரம் டிஷ் வாங்கிய துறை, நிறுவனம் மூழ்கினால் பத்தாயிரம் பிளாஸ்டிக் தட்டுகளோடு நிற்கும். கருவியை வாங்காமல் வாடகைக்கு எடுப்பது, மூன்று ஆண்டுக்கு மேல் கட்டுப்படாமல் இருப்பது, கம்பம், பேட்டரி, உள்ளூர் வலையமைப்பு மூன்றையும் தனியாக வாங்கி எந்த டிஷ்ஷுக்கும் பயன்படும்படி வைப்பது ஆகியவை இழப்பைக் குறைக்கும்.

கைப்பேசிக்கு நேராகச் சேவை என்ற விளம்பரங்களும் உங்கள் மேசைக்கு வரும். குறுஞ்செய்திக்கும் அவசர அழைப்புக்கும் அது நல்லது. சாதாரணக் கைப்பேசியின் சிறு ஆண்டெனாவை வானத்திலிருந்து கேட்க ஏஎஸ்டி நிறுவனம் 2022-இல் 64 சதுர மீட்டர் ஆண்டெனாவை ஏற்றிச் சோதித்தது என்பதிலிருந்தே சிரமம் தெரியும். அதை அகன்றவரிசை இணைப்பு என்று புள்ளிவிவரத்தில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக வானத்தைப் பற்றி. உங்களில் பலர் இதை விண்வெளித் துறையின் வேலை என்று தள்ளிவிடுகிறீர்கள். உங்கள் நாட்டில் சேவை வழங்க அனுமதி தரும் பேனா உங்கள் கையில் இருப்பதால், நிபந்தனை போடும் வாய்ப்பும் உங்களுடையதுதான். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33-உம் செயலிழந்த காஸ்மாஸ் 2251-உம் 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதியதில் ஆயிரக்கணக்கான துண்டுகள் பிறந்தன. 2024 ஆகஸ்டில் சீனாவின் சியான்ஃபான் செயற்கைக்கோள்களை ஏற்றிவிட்ட ராக்கெட்டின் மேல் அடுக்கு உடைந்து, கண்காணிக்கத்தக்க 300-க்கும் மேற்பட்ட துண்டுகளைச் சிதறவிட்டது. 500 கிலோமீட்டரில் செத்த செயற்கைக்கோளைக் காற்று உராய்வு சில ஆண்டுகளில் கீழே இழுத்துவிடும். 1,200 கிலோமீட்டரில் நூற்றாண்டுகள் ஆகும். ஒரு நிறுவனத்தின் செயற்கைக்கோள் தொகுப்பில் 10,000 இருந்து அதில் ஒரு சதவீதம் கட்டுப்பாடு இழந்தால் விலக முடியாத 100 பொருட்கள். ஸ்டார்லிங்க் 2024 டிசம்பர் முதல் 2025 மே வரையிலான ஆறு மாதத்தில் மோதலைத் தவிர்க்க 1,44,000-க்கும் மேற்பட்ட விலகல்களைச் செய்ததாக அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் (எஃப்சிசி) அறிக்கை கொடுத்தது. அந்த நிறுவனம் வைத்திருக்கும் எச்சரிக்கை வரம்பு கடுமையானது என்பதும் இதற்குக் காரணம், அது பாராட்டத்தக்கதே. ஆனால் அடுத்தடுத்து வரும் தொகுப்புகள் அதே அளவு விலகி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் விலகினால்? விலகல் திட்டங்களை மற்ற இயக்குபவர்களோடு பகிர்வதை உரிம நிபந்தனையாக்குங்கள். அமெரிக்க ஆணையம் 2022-இல் வகுத்த விதி, பணி முடிந்த ஐந்தாண்டுக்குள் இறக்க வேண்டும் என்கிறது. அந்த அளவாவது கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எத்தனை செயலிழந்தன என்ற எண்ணை வெளியிடவும் சொல்லுங்கள்.

சூரியனும் பங்காளிதான். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40, காந்தப்புயலால் மேல்வளிமண்டலம் உப்பியதில் 210 கிலோமீட்டர் உயரத்திலேயே இழுபட்டு எரிந்தன. ஐந்தாண்டு ஆயுள் என்பதால் எல்லாமே ஒருநாள் எரியத்தான் போகின்றன. 10,000 கொண்ட தொகுப்பில் நாளுக்கு ஐந்து அல்லது ஆறு. 250 கிலோ செயற்கைக்கோள் ஒன்று எரிந்தால் சுமார் 30 கிலோ அலுமினியம் ஆக்சைடு நுண்துகள்கள் மிஞ்சும் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஓசோன் படலத்தில் அவை என்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. இதற்கிடையே வானியலாளர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டார்லிங்க்கின் மின்னணுச் சுற்றுகளிலிருந்தே 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸில் கசிவு வருவதை ஐரோப்பாவின் லோஃபார் வானொலித் தொலைநோக்கி 2023-இல் பதிவு செய்தது. புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்களில் அது 32 மடங்குவரை பிரகாசமாக இருப்பதாக 2024 அளவீடு காட்டியது. உரிமம் கொடுத்த அலைவரிசைக்கு வெளியே நடக்கும் கசிவு இது, உங்கள் படிவத்தில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை.

படிவத்தைத் திருத்துவதற்கு நேரம் பிடிக்கும் என்று தெரியும். அதுவரை, கையெழுத்திடக் காத்திருக்கும் ஒப்பந்தங்களில் ஒரு பத்தியையாவது சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விற்கப்படும் இணைப்புகளுக்கு ஓர் உச்சவரம்பு. மாலை ஏழு முதல் பதினொன்று வரை ஒவ்வோர் இணைப்புக்கும் குறைந்தபட்ச வேகம், மேலே சொன்ன ஏழு நாள் முறையில் ஆண்டுக்கு இருமுறை அளந்தபடி. அளவு தவறிய கட்டத்தில் புதிய இணைப்பு விற்கத் தடை, அது சரியாகும்வரை அந்த மாதக் கட்டணத்தில் கழிவு. நிறுவனம் இதற்கு மறுத்தால், மாலை நேரத்தில் அந்தக் கட்டத்துக்கு எத்தனை கிகாபிட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
தொலைவிட இணைப்புகளை வடிவமைத்துப் பராமரிக்கும் பொறியாளர்கள்